உள்பக்கத் தாழ்ப்பாள்

இன்ஜினியர் தனுஷ்கோடி என் மடிக்கு மேலாக டேப்பை இழுத்தார். அந்தப் பக்கச் சுவரில் தம்பி கதிரேசன் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். பதினொண்ணேகால் என்று அவர் தனக்குத்தானே சொல்லி நோட்டில் எழுதிவிட்டு விரலைத் தளர்த்தியதும் டேப் சர்ரென்று திரும்பி ஓடி என் நைட்டியின் முழங்கால் மடிப்பைத் தட்டிவிட்டுப் போயிற்று. பீரோவுக்கும் கட்டிலுக்கும் மேலாக இழுத்த மாதிரியே எனக்கு மேலாகவும் இழுத்தார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் வாய் திறக்க வேண்டி வந்திருக்கும், இன்றைக்கு அதை நான் வீணாக்க முடியாது. காலையிலிருந்து பேசவில்லை. காபியில் சர்க்கரை போதுமா என்று அம்மா கேட்டதற்குத் தலையாட்டினேன். ஃபேன் போடவா என்று அப்பா கேட்டதற்குக் கண்ணைக் காட்டினேன். ஒரு நாளைக்கு என் வாய் நாலைந்து வாக்கியம் ஒழுங்காகத் தரும், அதற்குப் பிறகு தாடை இறுகிக்கொள்ளும், நாக்கு சொன்ன இடத்துக்குப் போகாது, எச்சில் முந்திக்கொள்ளும், கேட்கிறவர்கள் முகத்தில் அந்தச் சிரிப்பு வரும், புரிந்த மாதிரி ஒரு சிரிப்பு, அது வந்துவிட்டால் மேற்கொண்டு சொல்வதில் பிரயோஜனம் இல்லை. பிறக்கும்போதே வந்த மூளைவாதம். கையையும் காலையும் பேச்சையும் பிடித்ததே தவிர நினைப்பைத் தொடவில்லை என்பதை முப்பத்தேழு வருஷமாக வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா சொல்கிறாள். இன்றைக்கும் தனுஷ்கோடி செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள், அவளுக்கு எல்லாம் புரியும் சார், பேச்சு மட்டும்தான் தெளிவா வராது என்று. அவர் என்னைப் பார்த்து, பாப்பா சாப்பிட்டாச்சா என்று கொஞ்சம் உரக்கக் கேட்டார். ரேஷன் கார்டில் நான் செண்பகவல்லி, பாப்பா இல்லை, அதைச் சொல்ல ஆறேழு விநாடி ஆகும், அதையும் செலவழிக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிக்கிற ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும். அவ்வளவுதான். அதை இந்த மனிதர் போவதற்குள் இந்த நாலு பேருக்கும் நடுவில் என் வாயால் சொல்லிவிட வேண்டும்.

வாயால் ஏன் என்றால் எழுதிப் பார்த்தாகிவிட்டது. இடது கை நடுவிரல் முட்டியால் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ஆடி மாதக் கடைசியில் கதிரேசனுக்கு நீளமாக ஒன்று அனுப்பினேன், ஓசூரிலிருந்து பதினைந்து நிமிஷத்தில் பதில் வந்தது, கட்டைவிரல் படமும், எல்லாம் பாத்துக்கிடலாம்க்கா என்பதும். கெட்டவன் இல்லை. இந்த வீட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று முதலில் ஆரம்பித்தவனே அவன்தான். ஆனால் எழுதினதை அவர்கள் படித்துவிட்டு வைத்துவிடலாம், வாயால் சொன்னால் முடிகிறவரை நின்றாக வேண்டும். எழுத்தில் எனக்குப் பிழை வராது, அதுதான் என் பிழைப்பே, சிவகாசியில் ஒரு அச்சகத்துக்கு நாள்காட்டி புரூப் பார்க்கிறேன், தினத்தாளில் ராகு காலம், குளிகை, சந்திராஷ்டமம், கரிநாள், ஒரு கொம்பு விடுபட்டாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ஊருக்கெல்லாம் இப்போது ஆவணி, நான் அடுத்த வருஷத்து ஆனிக்கு வந்துவிட்டேன். அதனால்தான் வேலை ஆரம்பிக்க வாஸ்து நாள் எது என்று அப்பா என்னிடம் கேட்டார், ஐப்பசி பதினொண்ணு என்று தட்டிக் காட்டினேன், மழையில் மட்டப்பாக் கூரையை உடைக்கக் கூடாது என்று தனுஷ்கோடி போனில் சொன்னாராம், சரி, அப்படியென்றால் கார்த்திகையும் போச்சு, தை பன்னிரண்டு. அந்தத் தாளை நான்தான் திருத்தினேன். அன்றைக்கு இந்தப் பட்டாசல் கூடத்துச் சுவரில் முதல் அடி விழும். அதற்குள் வரைபடம் முடிந்திருக்க வேண்டும், வரைபடம் இன்றைக்குக் காகிதத்தில் ஏறப்போகிறது, காகிதத்தில் ஏறாதது சுவரில் ஏறாது. தாழ்ப்பாள். ஏன்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு வில்லங்கத்தை வைத்தார்களோ. தா வந்துவிடும், அதில் சிரமம் இல்லை. ழ்-க்கு நாக்கு மேலே மடங்க வேண்டும், என் நாக்கு மடங்கினதே இல்லை. அப்பா பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், காலை ஆறு மணிக்குக் கழுத்தில் விசிலோடு என் எதிரில் உட்கார்ந்து வாழைப்பழம் சொல்லு, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று எட்டு வருஷம் சொல்லவைத்தார், கையைக் காலை மடக்கி நீட்டிவிட்டார், துண்டால் என்னைத் தன் முதுகோடு கட்டி சைக்கிளில் எட்டாவது வரை பள்ளிக்கூடம் கொண்டுபோனார், எல்லாம் நடந்தது, ழ மட்டும் வரவில்லை. கொண்டி என்று சொல்லிவிடலாம். எங்கள் பக்கத்தில் கொண்டி என்றாலும் அதுதான். கொ-வுக்கு உதடு குவிந்தால் போதும், ண்டி கொஞ்சம் இடறும், பரவாயில்லை. கொண்டி வேணும். உள்பக்கம் கொண்டி வேணும். மனதுக்குள் எத்தனை தடவை சொன்னாலும் தெளிவாகத்தான் இருக்கிறது, மனதுக்குள் நான் மேடைப் பேச்சாளி.

அவர்கள் பின்பக்கம் போய்விட்டார்கள். அப்பா, கதிரேசன், இன்ஜினியர், மூன்று பேரும் வரிசையாக இரண்டாம் கட்டு நிலைப்படியைத் தாண்டி அடுக்களைக்குள் போய், அங்கிருந்து புறவாசலுக்கு. நான் பட்டாசலில். இந்த வீட்டை அப்பாவின் அப்பா கட்டினார், கோவில்பட்டியில் அப்போது எல்லாரும் கட்டின மாதிரி ரயில்பெட்டி கணக்காக ஒன்றன்பின் ஒன்றாக, முன்னறை, பட்டாசல், இரண்டாம் கட்டு, சாமான் அறை, அடுக்களை, புறவாசல், கடைசியில் ஓட்டுச் சாய்ப்பில் குளியலறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேக்கு நிலை, ஒவ்வொரு நிலைக்கும் கீழே நாலு விரல் உயரத்துக்கு ஒரு படி. ஏழு படி. இடது காலால் தரையை உந்தி நாற்காலியைப் பின்பக்கமாக நகர்த்த எனக்குத் தெரியும், சிவப்புச் சாந்துத் தரை வழுவழுவென்று இருக்கிறதால் சுலபமாகவே நகரும், படி வந்தால் நின்றுவிடும். அதற்கப்புறம் யாராவது வந்து முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். அந்த ஏழு படியையும் எடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது, அதில் எனக்குக் குறையே இல்லை, சாமான் அறையை இடித்து எனக்கு ஒரு அறை, அதோடு ஒட்டிக் குளியலறை, கழிப்பறை, பிடித்துக்கொள்ளக் கம்பி, பின்சந்துப் பக்கம் நாற்காலி இறங்க ஒரு சாய்வு. சாய்வு முன்வாசலில் இருந்தால் நான் தெருவைப் பார்த்து இறங்குவேன். சாக்கடை குறுக்கே வருகிறது, முடியாது என்று கதிரேசன் சொல்லிவிட்டான். அதற்கும் சண்டை போட வேண்டும், ஆனால் இன்றைக்கு இல்லை, இன்றைக்கு ஒன்றுதான், இரண்டைச் சொல்லப்போய் இரண்டும் குழம்பிவிடக்கூடாது. பின்பக்கமிருந்து பேச்சு துண்டு துண்டாக வருகிறது. நாலுக்கு ஏழு. வீல்சேர் திரும்பணும்ல. அப்புறம் தனுஷ்கோடியின் குரல், கதவு எதுக்கு சார், ஸ்கிரீன் போதும். யாரோ ஒருவர் ஆமாம் என்றார். யார் என்று தெரியவில்லை. அப்பாவா, கதிரேசனா. நான் காலை உந்தினேன், நாற்காலி நிலைப்படியில் முட்டி நின்றது. கூப்பிடலாம். கூப்பிட்டால் சத்தம் போகும், வார்த்தை போகாது, என்னமோ வேண்டும் போல என்று அம்மா ஓடி வருவாள், இடுப்பில் வலிக்குக் கட்டின பெல்ட்டோடு. அவர்கள் சந்து வழியாகவே வெளியே போய்விட்டால். காரைத் தெருமுனையில்தான் நிறுத்தியிருக்கிறார், சந்து வழியாகப் போனால் கிட்டம்தான். போய்விட்டால் ஸ்கிரீன்தான். மாட்டார்கள், செருப்பு முன்வாசலில் கிடக்கிறது, செருப்புக்காகவாவது வருவார், அம்மா டீ வேறு போட்டுக்கொண்டிருக்கிறாள், இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்கிறது, டீ குடிக்காமல் அம்மா யாரையும் விட்டதில்லை. பொறு. மூச்சை இழுத்து விடு. தாடையைத் தளர்த்து.

அம்மாவின் அந்தப் பெல்ட்டுதான் இத்தனைக்கும் காரணம். பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. குளிப்பாட்டி முடித்து ஈர நாற்காலியிலிருந்து என்னைத் தூக்கும்போது அம்மாவுக்குள் ஏதோ ஒரு சின்னச் சத்தம் கேட்டது, எனக்குக் கேட்டது, அவள் தோளில்தான் என் காது இருந்தது, அப்புறம் இரண்டு பேரும் தரையில். முதலில் அம்மா சிரித்தாள். வழுக்கிட்டேனே என்றாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை, அப்போது அவள் முகம் போன விதத்தைப் பார்த்துத்தான் நான் கத்த ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரம். கதவு எப்போதும் போலத் திறந்துதான் கிடந்தது, அதனால் என்ன, பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு நான் கத்தினது கேட்டிருக்கிறது, பாப்பா எப்பவும் போலச் சத்தம் போடுதுன்னு நினைச்சேன் என்று அப்புறம் வந்து அழுதாள். அம்மா படுத்தபடியே கையை நீட்டித் துண்டை என்மேல் இழுத்துப் போட்டாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அதைத்தான் செய்தாள். அப்பா ரேஷன் கடையிலிருந்து வருகிறவரை என் தலைமயிரைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதிலிருந்து இடுப்புக்குப் பெல்ட்டு, அம்மா என்னைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையும் சாயங்காலமும் பேச்சியம்மா வருகிறாள். நல்ல பெலசாலி, என்னை ஒரு வாழைத்தாரைத் தூக்குகிற மாதிரித் தூக்குகிறாள், குளிப்பாட்டும்போது போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மகளோடு பேசுவாள், நான் அங்கே இல்லாத மாதிரி, அதற்காக அவளைக் குறை சொல்லி என்ன, அவளுக்கு இது வேலை. கதவு அகலத் திறந்திருக்கும், அந்த வழியாகப் புறவாசல் தெரியும், வேலி தெரியும், எதிர்மாடியில் யாராவது நின்றால் அவர்களுக்கு நான் தெரிவேன், சிறுவயதில் அதெல்லாம் தோன்றவில்லை, பன்னிரண்டு வயதில் தோன்றியது, அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன், சாத்தினா எனக்கு நிக்க எடமில்ல பாப்பா, உன்ன யாரு பாக்கப்போறா என்றாள். உன்னை யார் பார்க்கப்போகிறார்கள். அந்த வாக்கியத்தை இருபத்தைந்து வருஷமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புரூப்பில் வந்திருந்தால் அதன் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன். மாதத்தில் அந்த மூன்று நாளும் இப்படித்தான். ஒரு மனுஷி தன் உடம்பைத் தான் மட்டும் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறதே, அது எப்படி இருக்கும் என்று எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. மதுரையில் ஒரு பயிற்சி முகாம், பத்து நாள், அம்மாவும்கூட வந்து தங்கினாள். அங்கே குளியலறையில் சுவரெல்லாம் கம்பி, உட்காரத் தாழ்வாக ஒரு பலகை, கைக்கெட்டுகிற மாதிரிக் குழாய். சறுக்கிச் சறுக்கி உட்காரப் பழக்கினார்கள். மூன்றாம் நாள் அந்தப் பயிற்சிப் பெண் அம்மாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னிடம், நீங்களே போய்ட்டு வாங்க, நான் இங்கதான் நிக்கேன் என்றாள். கதவில் ஒரு சின்ன நழுவுகிற கொண்டி, என் இடுப்பு உயரத்தில். இடது கை முட்டியால் இடித்து இடித்து அதை நகர்த்தினேன். டக் என்று விழுந்தது. அப்புறம் அங்கே ஒரு நாற்பது நிமிஷம் இருந்தேன். அதில் குளித்தது பத்து நிமிஷம் இருக்கும். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் பயப்படுவாள் என்று சொல்லவில்லை, அது மட்டும் இல்லை, அம்மாவுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் அதுவரை இருந்ததே இல்லை.

வந்துவிட்டார்கள். தனுஷ்கோடி கட்டிலில் உட்கார்ந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்தார். நன்றாக வரைகிறார், ஸ்கேல் இல்லாமலே கோடு நேராக வருகிறது, முன்னறை, பட்டாசல், எல்லாம் சின்னச் சின்னக் கட்டமாக, ஏழு படியும் இல்லாமல். என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அடித்துக்கொண்டால் தாடை இறுகும். நிதானம். அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். இது பாப்பா ரூம், பத்துக்குப் பன்னெண்டு என்று அவர் அப்பாவிடம் சொன்னார். ஜன்னல் கிழக்கு என்றார். இது பாத்ரூம் என்று அவர் பேனாவை வைத்ததும் அப்பா எழுந்துகொண்டார், தெருவில் ஏதோ வண்டி உங்கள் காரை உரசுகிற மாதிரி நிற்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று முன்வாசலுக்குப் போய்விட்டார். மகள் குளிக்கிற இடத்தைப் பற்றி அந்நிய மனிதரோடு உட்கார்ந்து பேச அப்பாவால் முடியாது. எனக்குத் தெரியும். தப்பு ஒன்றும் இல்லை. தனுஷ்கோடி கட்டத்தின் ஓரத்தில் ஒரு இடைவெளி விட்டு, இங்க கதவு வேண்டாம், நாற்காலி திரும்பணும், கூட ஒரு ஆள் நிக்கணும், நல்ல கனமான ஸ்கிரீனாத் தொங்கவிட்டாப் போதும் என்று கதிரேசனிடம் சொன்னார். இப்போது. இப்போதுதான். நான் மூச்சை இழுத்து உதட்டைக் குவித்தேன்.

"கொ... ண்டி... வேணும்."

மூன்று பேரும் திரும்பினார்கள். எனக்கு நன்றாகவே வந்த மாதிரி இருந்தது. கதிரேசன் சட்டென்று எழுந்தான், கொண்டாவா, தண்ணி கொண்டாரணுமாக்கா என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் போய் டம்ளரும் ஸ்டிராவுமாக வந்து என் வாயில் வைத்தான். இல்லை என்று தலையை ஆட்டப்போய்த் தண்ணீர் மோவாயில் வழிந்து நெஞ்சில் இறங்கியது, அவன் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான், பிரியமாகத்தான் துடைத்தான், தனுஷ்கோடி மரியாதைக்காகத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம் போயிற்று. சுலபமான சொல்லை எடுத்தது என் தப்பு. சரி, கடினமானதையே எடு. எட்டு வருஷம் வாழைப்பழம் சொன்ன வாய்தானே இது.

"தா... ழ்... ப்பா..."

அப்பாவா, என்றான் கதிரேசன். அப்பா, அக்கா கூப்பிடுறா, என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். அப்பா அவசரமாக உள்ளே வந்து, என்ன தாயி என்று என் முன்னால் குனிந்தார். ழ் விழுங்கப்பட்டுவிட்டது, ள் வரவே இல்லை. அப்பாவின் முகத்துக்குப் பக்கவாட்டில் அம்மா தெரிந்தாள். நான் அவளைப் பார்த்தேன். எப்போதும் இந்த இடத்தில் அவள் பேசியிருப்பாள். நான் பாதி சொல்வதற்குள், சில சமயம் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் சொல்லிவிடுவாள், டாக்டரிடம், பேங்கில், கல்யாண வீட்டில், முப்பத்தேழு வருஷமாக ஒரு வார்த்தை அவளுக்குத் தப்பினதில்லை. இப்போது சும்மா நிற்கிறாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் இருக்கிற காலி டம்ளரைப் பார்க்கிறாள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கொண்டி என்றபோதே புரிந்துவிட்டது. புரிந்ததை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கோபம் வர வேண்டும், வந்தது, அதோடு ஒரு பயமும் வந்தது, இவள் சொல்லாவிட்டால் எனக்கு யாரும் இல்லை என்கிற பயம், இவளுக்குப் பிறகு இப்படித்தான் இருக்கும், நான் ஒன்று சொல்வேன், தண்ணீர் வரும், அப்பா வருவார், அப்பாவும் இல்லாத நாள் வரும், அப்போது திரையைத் தள்ளிக்கொண்டு யார் யாரோ வருவார்கள். பரவாயில்லை, அழுதுவிடாதே என்று என்னிடமே சொன்னேன், அழுதால் தாடை பூட்டிக்கொள்ளும். என்னிடம் இன்னும் இரண்டோ மூன்றோ இருக்கிறது.

"அம்மா. நீ... சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல" என்றாள்.

"உனக்கு... தெரியும்."

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். கதிரேசனும் பார்த்தான். தனுஷ்கோடி பேனாவை மூடி வைத்தார். அம்மா தரையைப் பார்த்து, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி, சொன்னாள்.

"பாத்ரூமுக்குக் கதவு வேணும்ங்கிறா. உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்ங்கிறா. எனக்கு இதுல சம்மதமில்ல."

அதற்குப் பிறகு அம்மா நிறுத்தவில்லை. பங்குனியில் நடந்ததை இன்ஜினியரிடம் முழுக்கச் சொன்னாள், கதவு திறந்து கிடந்தே ஒன்றரை மணி நேரம் ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லை, இவள் கத்தினது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, உள்ளே பூட்டிக்கொண்டு விழுந்தால் யாருக்குத் தெரியும், ஒன்பதாவது வயதில் விழுந்து புருவத்தில் நாலு தையல், இந்தா பாருங்க தழும்பு என்று என் நெற்றியைக்கூடத் தொட்டுக் காட்டினாள். கதிரேசன், அம்மா சொல்லுறதும் சரிதானக்கா என்றான். அப்பா இந்தத் தடவை வாசலுக்குப் போகவில்லை, என் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தனுஷ்கோடிதான் பேசினார். வெளிப்பக்கமிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்கிற தாழ்ப்பாள் இருக்கிறது என்றார். கதவை உள்ளே தள்ளுகிற மாதிரி வைக்காமல் சுவரோடு நகர்கிற மாதிரி வைத்தால் ஆள் விழுந்து கிடந்தாலும் தடுக்காது. தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஒரு மணி சுவிட்ச் வைத்தால், விழுந்தவர்கள் கிடந்த இடத்திலிருந்தே அழுத்தலாம், அடுக்களையிலும் அடிக்கும், பட்டாசலிலும் அடிக்கும், கத்த வேண்டியதே இல்லை. சொல்லிவிட்டு அவர் அம்மாவையும் அப்பாவையும் பார்க்காமல் என்னைப் பார்த்தார், இது உங்களுக்குச் சரிப்படுமாம்மா என்று, உரக்க இல்லாமல். நான் தலையை ஆட்டினேன். ஆனால் அம்மா ஸ்டூலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"அவுக ஆயிரம் சொல்லட்டும். நீ சொல்லு பாப்பா. உள்ள போய்ப் பூட்டிக்கிட்டு அப்படி என்ன செய்யப்போற?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். இதற்கு நான் ஒன்றும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. மதுரையில் நாற்பது நிமிஷம் என்ன செய்தேன். குழாயைத் திறந்து மூடினேன். என் கையைப் பார்த்தேன், என் வயிற்றைப் பார்த்தேன், தண்ணீர் சொட்டுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டைக்கூட முனகவில்லை. யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை, அடுத்து யாரும் தூக்கப்போவதில்லை. அதை எப்படிச் சொல்ல. நாக்கு தடித்துவிட்டது, எச்சில் கூடிக்கொண்டு வருகிறது, விழுங்கினேன், மறுபடியும் விழுங்கினேன். யாரும் இடையில் புகுந்து முடிக்கவில்லை. முதல் தடவையாக நாலு பேரும் பொறுத்துக்கொண்டு நின்றார்கள்.

"சும்மா... இருப்பேன்."

அம்மா என்னையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அல்லது அழுவாள் என்று. அவள் மெதுவாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கட்டிலின் அந்த மூலையில் இன்ஜினியரைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஆம்பளைகள் மூன்று பேர் அங்கே இருப்பதை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன், அல்லது இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"நானும் கதவச் சாத்திக் குளிச்சதில்ல பாப்பா" என்றாள். "உன்னப் பெத்த நாள்ல இருந்து. நீ கூப்பிட்டாக் கேக்கணும்ல. தண்ணிச் சத்தத்துல கேக்காது. சாத்தாம, கோணியத் தொங்கவிட்டுக்கிட்டு, ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு ஓடி வந்துருவேன். அந்தக் கதவுல கொண்டி இருக்கா இல்லையான்னே இப்ப எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, நாற்காலியின் கைப்பிடியில் அவர் பிடி இறுகினதை என் தோளில் உணர்ந்தேன். அம்மா குளிக்கப் போவாள், வருவாள், தலையில் துண்டு சொட்டிக்கொண்டிருக்கும், இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று நான் கேட்டதில்லை. அறுபத்தாறு வயது. கல்யாணமாகி வந்தபோது இருபத்தைந்து இருக்கும், நான் பிறந்தபோது இருபத்தொன்பது. கணக்குப் போடப் போட உள்ளுக்குள் ஏதோ பெயர்ந்து விழுந்தது. உன்னை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அன்றைக்கு அவள் சொன்னது என்னைச் சொன்னதில்லை போலிருக்கிறது, அவள் தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பழகின வாக்கியம் அது, என்னிடமும் அதையே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பாவப்பட்டு விட்டுக்கொடுத்துவிடலாம் என்று ஒரு விநாடி தோன்றியது. ஸ்கிரீனே போதும் அம்மா என்று சொன்னால் அவள் முகம் தெளியும். சொல்லமாட்டேன். இத்தனை வருஷமாக இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து இரண்டு பேருக்குமே கதவு இல்லாமல் போயிற்று. என்னிடம் ஒரு வார்த்தைதான் மிச்சம். அதுவும் வருமா என்று தெரியவில்லை, தாடை பாதி பூட்டிக்கொண்டாயிற்று. தனுஷ்கோடியைப் பார்த்தேன். அவர் பேனாவைத் திறந்து, தாளில் அந்த இடைவெளியில் கதவுக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எதையோ எழுதப்போனார். நான் இடது கையைத் தூக்கினேன், அது போன போக்கில் போய் அவருடைய தாளின் ஓரத்தைத் தட்டியது, அவர் நிறுத்தினார்.

"ரெ... ண்டு."

"என்ன ரெண்டு?" என்று என்னிடம் கேட்டார்.

கதிரேசன் வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் அம்மா சொன்னாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்சமும் யோசிக்காமல், என் வார்த்தையை எப்போதும் எடுத்துச் சொல்கிற அதே வேகத்தில் சொன்னாள்.

"ரெண்டு தாழ்ப்பாள்ங்கிறா. பழைய பாத்ரூமுக்கும் ஒண்ணு வேணும்ங்கிறா, எனக்கு." பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக்கோங்க" என்றாள்.